பிராந்தியப் பணிப்பாளரின் வேதனத்தில் பிராந்தியத்துக்கு இடமில்லை

அரச உத்தியோகத்தர்களின் சம்பளம் பற்றிய விவாதம் ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்தின் போதும் எழுந்து, சில வாரங்களில் அடங்கிவிடுவது நமது நாட்டின் வழமை. அந்த விவாதத்தில் பேசப்படுவோர் பெரும்பாலும் இரு தரப்பினரே. ஒரு புறம் குறைந்த வருமானம் பெறும் சிற்றூழியர்களும் ஆசிரியர்களும் தாதியரும். மறு புறம் அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும். இவ்விரு தரப்புக்கும் இடையில் நின்று, ஒரு மாவட்டத்தின் வைத்தியசாலைகளையோ ஒரு வலயத்தின் பாடசாலைகளையோ நாளாந்தம் கொண்டு நடத்தும் பணிப்பாளர்கள் எவ்வளவு வேதனம் பெறுகின்றனர், அந்தத் தொகையை எவை தீர்மானிக்கின்றன என்ற கேள்வி அனேகமாக எழுவதேயில்லை.

இது அதிகாரிகளின் சொந்த விவகாரம், பொதுமக்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கத் தோன்றலாம். ஆனால் நெடுந்தீவு வைத்தியசாலையில் வைத்தியர் இருப்பாரா, தீவகத்துப் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் போவாரா, சோனகதெருவில் மீள்குடியேறிய குடும்பத்துக் குழந்தைக்கு உரிய காலத்தில் தடுப்பூசி கிடைக்குமா என்பவையெல்லாம் இறுதியில் அந்தப் பணிப்பாளர் நாற்காலியில் யார் அமர்கிறார், எவ்வளவு காலம் அமர்கிறார் என்பதிலேயே தங்கியுள்ளன. அந்த நாற்காலியைத் தகுதியுடையோர் விரும்பி ஏற்கிறார்களா, அல்லது தவிர்க்கிறார்களா என்பதை நிர்ணயிக்கும் காரணிகளுள் வேதனம் முதன்மையானது அல்லவெனினும் முக்கியமானது.

ஒரே பதவி, வேறு வேறு பிராந்தியங்கள்

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் அதே ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் சுகாதாரத்தினதும் கல்வியினதும் பெரும் பகுதியை மாகாணங்களின் பொறுப்பில் விட்டன. அதன்படி வடக்கின் ஐந்து மாவட்டங்களிலும் ஒவ்வொரு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் கடமையாற்றுகின்றார். நாடளாவிய ரீதியில் இத்தகைய பிராந்தியங்கள் 26. மாவட்டங்கள் 25 ஆக இருக்க, பிராந்தியங்கள் 26 ஆக அமைந்தமைக்குக் காரணம், அம்பாறை மாவட்டத்தில் கல்முனை தனியொரு சுகாதாரப் பிராந்தியமாக இயங்குவதே. கல்வியில் இதையொத்த பொறுப்பை வகிப்பவர் வலயக் கல்விப் பணிப்பாளர். யாழ்ப்பாண மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன.

யாழ். போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் நேரடி நிர்வாகத்தில் உள்ளது. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளும், பிரதேச வைத்தியசாலைகளும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் மாகாணத்தின் கீழ், பிராந்தியப் பணிப்பாளரின் மேற்பார்வையில் வருகின்றன.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 5 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகம். முல்லைத்தீவில் அது ஏறத்தாழ 92 ஆயிரம். கம்பஹாவில் ஏறத்தாழ 23 இலட்சம். இம்மூன்று இடங்களிலும் பதவியின் பெயர் ஒன்றே. ஓரிடத்தில் மக்கள் தொகையே பெருஞ்சுமை. இன்னோரிடத்தில் போரினால் அழிந்தவற்றை மீளக் கட்டும் சுமை. யாழ்ப்பாணத்திலோ குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறிச் சென்றடைய வேண்டிய தீவுகளையும் சேர்த்துச் சுமக்கும் நிலை. இந்த வேறுபாடுகளுள் ஒன்றேனும் பணிப்பாளரின் அடிப்படைச் சம்பளத்தில் பிரதிபலிப்பதில்லை. அவரது சம்பளம் அவர் சார்ந்த நாடளாவிய சேவையின் தரத்தையும் சேவைக் காலத்தையும் கொண்டு கொழும்பில் வெளியிடப்படும் சுற்றறிக்கையினால் தீர்மானிக்கப்படுகின்றது.

அடிப்படைச் சம்பளம் சொல்லும் கதை

2016ஆம் ஆண்டின் 03ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, 2016 முதல் 2020 வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்த சம்பளக் கட்டமைப்பை வகுத்தது. அதன்படி அரச சேவையின் அடிமட்டத்தில் ஒருவரின் ஆரம்பச் சம்பளம் 24,250 ரூபா. நிர்வாக சேவை, கல்வி நிர்வாக சேவை போன்ற நாடளாவிய சேவைகளுக்கான படிநிலை 47,615 ரூபாவில் தொடங்கி 110,895 ரூபாவில் முடிவடைந்தது. முதல் பத்து ஆண்டுகளுக்கு வருடாந்த ஏற்றம் 1,335 ரூபா. அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு 1,630 ரூபா. அதன் பின்னர் 2,170 ரூபா. நாடளாவிய சேவைகளின் விசேட தரத்தினருக்கு 88,000 ரூபாவில் தொடங்கும் தனிப் படிநிலை இருந்தது.

இந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஒருவர் போட்டிப் பரீட்சையில் சித்தியடைந்து கல்வி நிர்வாக சேவையில் நுழைந்து, வினைத்திறன் தடைப் பரீட்சைகளைத் தாண்டி, 18 ஆண்டுகள் பணியாற்றினால் வருடாந்த ஏற்றங்களால் அவர் அடையும் மொத்த உயர்வு 26,390 ரூபா மட்டுமே. வலயக் கல்விப் பணிப்பாளர் பதவிக்கு வரும் ஒருவர் பொதுவாக இத்தகைய நீண்ட பயணத்தை முடித்தே வருகின்றார்.

இதே படிநிலை நடைமுறையில் இருந்த காலத்தில்தான் 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி நேர்ந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி சில மாதங்களுக்குள் 360 ரூபாவை எட்டியது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. சம்பளப் படிநிலையோ அசையவில்லை. வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 2024இல் 10,000 ரூபாவினால் உயர்த்தப்பட்டு 17,800 ரூபாவாக்கப்பட்டமை சிறு ஆறுதலே. அதுவும் அலுவலக உதவியாளருக்கும் பணிப்பாளருக்கும் ஒரே தொகை. வறியோரைக் காக்கும் நோக்கில் அது நியாயமானது; ஆயினும் பொறுப்புக்கும் ஊதியத்துக்கும் இடையிலிருந்த தொடர்பை அது மேலும் தளர்த்தியது.

2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தியது. வருடாந்த ஏற்றத்தின் பெறுமதியையும் 80 வீதத்தால் அதிகரித்தது. முன்னர் வழங்கப்பட்ட சில கொடுப்பனவுகள் அடிப்படைச் சம்பளத்துடன் சேர்க்கப்பட்டமையால் உண்மையான ஆகக் குறைந்த அதிகரிப்பு 8,250 ரூபாவாக அமைந்தது. இவ்வுயர்வு 2025 ஏப்ரலில் தொடங்கி 2027 ஜனவரி வரை கட்டம் கட்டமாக வழங்குவதற்கெனத் திட்டமிடப்பட்டது. நீண்ட காலத் தேக்கத்தின் பின்னர் வந்த இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. எனினும் சம்பளத்தின் அளவை அது மாற்றியதேயன்றி, சம்பளத்தைத் தீர்மானிக்கும் தர்க்கத்தை மாற்றவில்லை.

கொடுப்பனவுகளும் தொழிற்சங்க பலமும்

அடிப்படைச் சம்பளம் ஒரு பகுதி மட்டுமே. கையில் கிடைக்கும் தொகையை இன்று பெருமளவில் நிர்ணயிப்பவை கொடுப்பனவுகள். அவற்றுள் அதிகம் பேசப்பட்டது வைத்தியர்களுக்கு வழங்கப்படும் டி.ஏ.ரி. கொடுப்பனவு. கடமையால் ஏற்படும் இடையூறு, அழைக்கும் வேளையில் கடமைக்குக் கிடைத்தல், போக்குவரத்து ஆகிய மூன்றையும் ஈடுசெய்வதற்கென வழங்கப்படும் இக்கொடுப்பனவு 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக 2024 ஜனவரியில் உயர்த்தப்பட்டது. வைத்தியர்கள் பெருந்தொகையாக நாட்டை விட்டு வெளியேறிக் கொண்டிருந்த காலம் அது. அவர்களைத் தக்கவைப்பதற்கு அரசாங்கம் எதையேனும் செய்தாக வேண்டியிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். ஒரே அமைச்சரவைத் தீர்மானத்தினால் கிடைத்த 35,000 ரூபா அதிகரிப்பு, கல்வி நிர்வாக சேவை உத்தியோகத்தர் ஒருவர் பழைய படிநிலையில் 18 ஆண்டுகளில் பெற்ற ஏற்றங்களின் கூட்டுத்தொகையை விடப் பெரியது. அதையொத்த கொடுப்பனவு தமக்கும் வேண்டுமெனக் கோரிச் சுகாதாரத் துறையின் ஏனைய தொழிற்சங்கங்கள் அதே ஆண்டு ஜனவரியிலும் பெப்ரவரியிலும் நாடளாவிய வேலைநிறுத்தத்தில் இறங்கின. வைத்தியசாலைகள் முடங்கின. அல்லற்பட்டவர்கள் நோயாளர்களே.

கல்வித் துறையின் அனுபவமும் இதுவே. 1997ஆம் ஆண்டு பீ.சி. பெரேரா ஆணைக்குழுவின் சிபாரிசுகளை அடுத்து உருவான சம்பள முரண்பாட்டைத் தீர்க்குமாறு ஆசிரியர்களும் அதிபர்களும் இருபத்து நான்கு ஆண்டுகள் கோரினர். 2021இல் ஜூலை முதல் ஒக்டோபர் வரை இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிப் போராடிய பின்னரே, 2022இல் அந்தக் கோரிக்கையின் மூன்றிலொரு பங்கு நிறைவேறியது. மத்திய வங்கி ஊழியர்களுக்கு ஏறத்தாழ 70 வீதச் சம்பள உயர்வு வழங்கப்பட்டதாக 2024 பெப்ரவரியில் எழுந்த சர்ச்சையும் நினைவிருக்கலாம். தனது வேதனத்தைத் தானே தீர்மானிக்கும் தற்றுணிபு கொண்ட நிறுவனம் ஒரு வழியிலும், திறைசேரியின் அனுமதிக்காகக் காத்திருக்கும் திணைக்களம் வேறு வழியிலும் செல்கின்றன.

இவற்றிலிருந்து தெளிவாவது ஒன்று. இலங்கையில் ஓர் உத்தியோகத்தரின் வருமானத்தை நிர்ணயிக்கும் வலிமையான காரணி, அவர் சார்ந்த சேவை வேலையை நிறுத்தினால் நாடு எவ்வளவு விரைவில் ஸ்தம்பிக்கும் என்பதே. பிராந்தியப் பணிப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்வதில்லை, செய்யவும் முடியாது. வேலைநிறுத்தம் நிகழும் நாளில் சேவையைத் தாங்கி நிற்க வேண்டியவர்கள் அவர்கள். எண்ணிக்கையிலும் அவர்கள் மிகச் சிலர். ஆகவே, பேரம் பேசும் மேசையில் பணிப்பாளர் என்ற பொறுப்புக்கெனத் தனி ஆசனம் இல்லை.

நாற்காலியின் விலை

சம்பளப் பட்டியலில் எழுதப்படாத மூன்றாவது பகுதியும் உண்டு. அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியார் மருத்துவத் தொழில் புரிய 1977 முதல் அனுமதிக்கப்பட்டுள்ளனர். யாழ். நகரின் தனியார் வைத்தியசாலைகளில் மாலை வேளைகளில் நோயாளர் பார்க்கும் வைத்திய நிபுணருக்கு, அரச சம்பளம் வருமானத்தின் ஒரு பகுதி மட்டுமே. மருத்துவ நிர்வாகத்தில் பட்டப்பின்படிப்பை முடித்துப் பணிப்பாளராகும் வைத்தியருக்கோ கூட்டங்களும் கோப்புகளும் களப் பயணங்களும் மாலையையும் விழுங்கிவிடுகின்றன. நோயாளருடனான தொடர்பு குறையக் குறையத் தொழிற்சந்தையில் அவரது பெறுமதியும் குறைகின்றது. விடுதிக் கடமையில் மேலதிக நேரக் கொடுப்பனவு பெறும் இளம் வைத்தியர் சில மாதங்களில் தமது மேலதிகாரியை விடக் கூடிய தொகையைக் கையில் எடுக்கும் நிலை உருவாவதற்கும் இக்கட்டமைப்பே இடமளிக்கின்றது.

கல்வியிலும் நிலைமை வேறன்று. உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியருக்குத் தனியார் கல்வி நிலையங்கள் திறந்திருக்கின்றன. வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அந்தக் கதவு இல்லை, இருக்கவும் கூடாது.

முன்னர் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியவை தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரம், உத்தியோகபூர்வ விடுதி, வாகனம், ஓய்வூதியம் ஆகியன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதோடு அனுமதிப்பத்திரத்தின் பயன் அற்றுப்போனது. பெரும்பாலான கொடுப்பனவுகள் ஓய்வூதியக் கணக்கில் சேர்வதில்லை. இதற்கிடையில் 2023 ஜனவரியில் மாதம் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு வரி விதிக்கப்பட்டு, அதன் உச்ச வீதம் 36 ஆக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் அந்த வரம்பு ஒன்றரை இலட்சமாக உயர்த்தப்பட்டமை ஓரளவு நிவாரணமே.

ஆக, பதவி உயரும்போது பொறுப்பும் பழிச்சொல்லும் உயர்கின்றன. வருமானம் அதே அளவில் உயர்வதில்லை. சில வேளைகளில் குறைகின்றது. இந்நிலையில் தகுதியுடையோர் பணிப்பாளர் நாற்காலியை நாடாமல் இருப்பதில் வியப்பில்லை. நிரந்தர நியமனம் இன்றிப் பதில் கடமையாளர்களைக் கொண்டு வெற்றிடங்களை நிரப்புவது வடக்குக்குப் புதியதன்று. பதில் கடமையாற்றுபவர் எவ்வளவு நேர்மையாளராயினும் நீண்ட காலத் தீர்மானங்களை எடுக்கத் தயங்குவார். அவர் எடுக்கும் தீர்மானங்களுக்குக் கீழுள்ளோர் பணியத் தயங்குவர்.

2024 ஜூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் நிர்வாகம் தொடர்பாக எழுந்த சர்ச்சையில் மக்கள் வீதிக்கு இறங்கினர். பதில் கடமையில் நியமிக்கப்பட்ட அத்தியட்சகர் ஒருவரின் குற்றச்சாட்டுகளும், அவற்றுக்கு எதிரான மறுப்புகளும் பல வாரங்கள் பேசப்பட்டன. யார் சரி, யார் பிழை என்பதே அப்போது நமது பேசுபொருளாயிற்று. இத்தகைய பொறுப்புகள் ஏன் பதில் கடமையாளர்களிடம் விடப்படுகின்றன, அவற்றை நிரந்தரமாக ஏற்க ஏன் ஆள் கிடைப்பதில்லை என்ற கேள்வி பின்தள்ளப்பட்டது. ஆட்கள் மாறினாலும் அந்தக் கேள்வி மாறப்போவதில்லை.

தொண்டு நிறுவனக் காலம் தந்த பாடம்

பிராந்தியப் பணிப்பாளர் என்ற பெயர் குடாநாட்டு மக்களுக்கு இன்னொரு விதத்திலும் பரிச்சயமானது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டு, ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டதும் சர்வதேச நிறுவனங்கள் குடாநாட்டில் தமது அலுவலகங்களை விரிவுபடுத்தின. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கைத் தாக்கிய பின்னர் அவற்றின் எண்ணிக்கையும் நிதியும் பெருகின. அந்த அலுவலகங்களின் பொறுப்பாளர்களும் திட்ட முகாமையாளர்களும் பெற்ற வேதனம் அரச அதிகாரிகளின் வேதனத்தைப் பன்மடங்கு விஞ்சியது. அனுபவமிக்க கணக்காளர்களும் பொறியியலாளர்களும் ஆங்கிலப் புலமையுடையோரும் அங்கு ஈர்க்கப்பட்டனர். நன்கொடை வற்றியதும் அந்தப் பதவிகளும் மறைந்தன. அரச பணிமனைகளில் ஏற்பட்ட வெற்றிடமோ எளிதில் நிரம்பவில்லை.

அந்நிறுவனங்களின் முறையில் கற்கத்தக்க ஓர் அம்சம் உண்டு. ஐக்கிய நாடுகள் அமைப்பு தனது பணியிடங்களைச் சுகாதாரம், பாதுகாப்பு, காலநிலை, வீட்டு வசதி, தனிமைப்பட்ட தன்மை ஆகியவற்றைக் கொண்டு தரப்படுத்துகின்றது. தலைமையகங்களும் அவற்றையொத்த நகரங்களும் ஒரு வகை. ஏனையவை 'ஏ' முதல் 'ஈ' வரை ஐந்து வகைகள். கடினம் கூடக் கூடக் கஷ்டக் கொடுப்பனவும் கூடும். ஆயினும் இந்தக் கொடுப்பனவு சர்வதேச ரீதியில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களுக்கே உரியது. அதே அலுவலகத்தில், அதே ஆபத்தின் நடுவே பணியாற்றும் உள்ளூர் ஊழியரின் சம்பளம் உள்ளூர்ச் சந்தை ஆய்வின்படி நிர்ணயிக்கப்படும். அந்த மண்ணில் பிறந்தவருக்கு அந்த மண்ணின் கஷ்டம் கணக்கில் வருவதில்லை என்ற முரண் உலக அமைப்பிலும் உள்ளது.

நமது அரச கட்டமைப்பில் அந்த முரண் இன்னும் கூர்மையானது. 2009இல் போரின் இறுதி மாதங்களில் கிளிநொச்சிப் பிராந்தியத்தின் சுகாதாரப் பொறுப்பை வகித்தவர் வைத்தியர் த. சத்தியமூர்த்தி, முல்லைத்தீவின் பொறுப்பை வகித்தவர் வைத்தியர் து. வரதராஜா. எறிகணை வீச்சுகளுக்கு நடுவே தற்காலிக வைத்தியசாலைகளை இடம் மாற்றி இடம் மாற்றி நடத்திய அவர்களின் பதவிப் பெயர், அதே வேளை தென்னிலங்கையின் அமைதியான மாவட்டமொன்றில் கடமையாற்றியவரின் பதவிப் பெயருக்கு நிகரானதே. அத்தகைய பணிக்கு எந்தச் சுற்றறிக்கையும் விலை குறிக்க இயலாது என்பது உண்மை. ஆனால் அர்ப்பணிப்பு தனிமனிதரின் பண்பு. அதை நம்பி ஓர் அரசாங்கம் தனது ஆளணிக் கொள்கையை வகுக்கலாகாது.

எழக்கூடிய ஆட்சேபங்கள்

தொண்டர் ஆசிரியர்களும் சுகாதாரத் தொண்டர்களும் நிரந்தர நியமனம் கோரி வீதியோரத்தில் அமர்ந்த மாகாணத்தில், பணிப்பாளரின் சம்பளம் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அடிமட்ட ஊழியரின் வாழ்வு முதலில் சீர்பெற வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. எனினும் தொண்டர்களின் பெயர்ப் பட்டியலைச் சீராகத் தயாரித்து, ஆளணி வெற்றிடங்களை நிரூபித்து, திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்துடன் வாதாடி அனுமதி பெற்றுத் தர வேண்டியவரும் பணிப்பாளரே. அந்த நாற்காலி வெறுமையாக இருந்தால் முதலில் பாதிக்கப்படுவோர் அவருக்குக் கீழுள்ள ஊழியர்கள்தாம்.

சம்பளத்தைக் கூட்டினால் சேவை தானாகச் சிறந்துவிடுமா என்பது இரண்டாவது ஆட்சேபம். ஒருபோதும் இல்லை. இங்கு முன்வைக்கப்படுவது எல்லாப் பணிப்பாளர்களுக்கும் சம்பளத்தைக் கூட்ட வேண்டும் என்ற கோரிக்கையும் அன்று. பொறுப்பின் அளவையும் பிராந்தியத்தின் கடினத்தையும் வேதனத்தில் ஒரு காரணியாகச் சேர்க்க வேண்டும் என்பதே. ஆசிரியர் சேவையில் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்ற பாகுபாட்டை அரசு நீண்ட காலமாக ஏற்றுக்கொண்டுள்ளது. ஆசிரியருக்குப் பொருந்தும் நியாயம் அவரை வழிநடத்துபவருக்குப் பொருந்தாமற் போவது ஏன்?

அயல் நாடான இந்தியாவில் மத்திய அரச ஊழியரின் வீட்டு வாடகைப்படி அவர் பணியாற்றும் நகரத்தின் தரத்துக்கேற்ப மாறுபடுகின்றது. அகவிலைப்படி 50 வீதத்தை எட்டிய 2024 ஜனவரி முதல் அது அடிப்படைச் சம்பளத்தில் 30, 20, 10 வீதம் என மூவகையாக அமைந்தது. பெருநகரத்தின் செலவை ஈடுசெய்ய இது வழங்கப்படுகின்றது. எட்டாத் தொலைவிலுள்ள கடின இடங்களுக்குத் தனியான படி உண்டு. இலங்கை இந்த முறையை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் பணியிடத்தை வேதனக் கணக்கில் சேர்ப்பது நிர்வாகத்தால் இயலாத காரியமன்று என்பதற்கு இது சான்று.

செய்யக்கூடியவை

முதலாவதாக, பிராந்திய மட்டப் பணிப்பாளர் பதவிகளுக்கெனப் பொறுப்புக் கொடுப்பனவு ஒன்று வேண்டும். சனத்தொகை, நிறுவனங்களின் எண்ணிக்கை, தீவுகளும் மீள்குடியேற்றப் பகுதிகளும், வெற்றிடங்களின் அளவு ஆகிய அளவுகோல்களைக் கொண்டு அது வரையறுக்கப்பட வேண்டும். நபரைச் சாராது பதவியைச் சார்ந்ததாக அது இருத்தல் அவசியம். பதவியை விட்டு நீங்கினால் கொடுப்பனவும் நீங்க வேண்டும்.

இரண்டாவதாக, பதில் கடமைக்குக் கால எல்லை விதிக்கப்பட வேண்டும். தாபன விதிக்கோவை பதில் கடமையைத் தற்காலிக ஏற்பாடாகவே கருதுகின்றது. அது நிரந்தர வழக்கமாவதற்கு இடமளித்தவர்கள் அதற்கான காரணத்தை மக்களுக்கு விளக்கக் கடமைப்பட்டவர்கள்.

மூன்றாவதாக, விடுதி வசதி. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள குடாநாட்டுக்குக் குடும்பத்துடன் வந்து பணியாற்றச் சித்தமாயிருக்கும் தமிழ், முஸ்லிம், சிங்கள உத்தியோகத்தர் எவருக்கும் தங்குமிடம் முதற் தேவை. இதற்கு ஆகும் செலவு, ஆண்டாண்டாகச் சம்பளம் உயர்த்துவதற்கான செலவை விடக் குறைவு.

நான்காவதாக, வெளிப்படைத்தன்மை. சம்பளச் சுற்றறிக்கைகள் எவரும் வாசிக்கக் கூடியனவாக இருப்பினும், ஒரு பதவிக்கு எல்லாக் கொடுப்பனவுகளும் சேர்ந்து எவ்வளவு வழங்கப்படுகின்றது என்பதைச் சாதாரணக் குடிமகன் அறிவது கடினம். பிரித்தானிய அரசாங்கம் 2010 முதல் உயர் அதிகாரிகளின் வேதனத்தைப் பகிரங்கமாக வெளியிட்டு வருகின்றது. நம்மிடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. யாரும் விண்ணப்பிக்கும் வரை காத்திராமல், மாகாணத் திணைக்களங்கள் பதவி வாரியாக இவ்விபரங்களைத் தாமாகவே வெளியிடலாம். அதிகாரிகள் அளவுக்கு மீறிப் பெறுகின்றனர் என்ற ஐயமும், எதுவும் பெறுவதில்லை என்ற முறைப்பாடும் அப்போது ஒருங்கே நீங்கும்.

இவை அனைத்துக்கும் அடியில் அரசியல் கேள்வியொன்று உள்ளது. 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி தெரிவு செய்யப்பட்ட வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது. அதன் பின்னர் ஆளுநரின் நிர்வாகமே தொடர்ந்தது. சபை இயங்கிய காலத்திலும் அதன் மீண்டெழும் செலவின் பெரும் பகுதி நிதி ஆணைக்குழுவின் சிபாரிசின் பேரில் மத்தியிலிருந்து வந்த மானியத்தையே நம்பியிருந்தது. தனது பணிப்பாளருக்கு ஒரு ரூபாவைக் கூடுதலாக வழங்கும் நிதி வலுவோ, அவரது இடமாற்றத்தை முழுமையாகத் தீர்மானிக்கும் அதிகாரமோ மாகாணத்திடம் இல்லை. மத்தியின் சேவையைச் சேர்ந்தவர், மாகாணத்தின் பணியைச் செய்பவர் என்ற இரட்டை நிலையில் பணிப்பாளர் நிற்கின்றார். அவரது குறையைக் கேட்பது யார் பொறுப்பு என்பது தெளிவில்லை. மக்களின் குறைக்கு அவர் யாரிடம் பதிலளிக்க வேண்டும் என்பதும் தெளிவில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் மீண்டு வந்த பல குடும்பங்கள் இன்றும் புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே வாழ்வைப் பகிர்ந்துகொண்டுள்ளன. பிள்ளையின் பாடசாலைப் பதிவு ஓரிடத்திலும், தாயின் மருத்துவச் சிகிச்சை இன்னோரிடத்திலுமாக அலையும் அவர்களுக்கும், வலிகாமம் வடக்கில் பல தசாப்தங்களின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்கும் தேவைப்படுவது ஒன்றுதான்: தமது பிரதேசத்தை அறிந்த, தீர்மானம் எடுக்கும் அதிகாரமுள்ள, அடுத்த ஆண்டும் அதே பணிமனையில் இருக்கப்போகின்ற ஒரு பொறுப்பாளர். அத்தகையவரை அங்கு இருத்தி வைப்பதற்கு ஆகும் மேலதிகச் செலவு, அவர் இல்லாமையால் மக்கள் கொடுக்கும் விலையோடு ஒப்பிடுகையில் அற்பமானது. அடுத்த சம்பள மீளாய்வின் போதாவது வடக்கு, கிழக்கின் மக்கள் பிரதிநிதிகள் இக்கோரிக்கையை நாடாளுமன்றத்தில் ஒரே குரலில் முன்வைப்பார்களா?